விசா இல்லாமல் போன நிழல்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் பதினாறாம் திகதி, வியாழக்கிழமை காலை, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் வசிக்கும் ரகுநாதனின் நிழல் விசா இல்லாமல் அயர்லாந்துக்குப் போனது. ரகுநாதன் போகவில்லை. நிழல் டுசல்டோர்ஃப் விமானநிலையத்திலிருந்து டப்ளினுக்குப் பறந்து, அங்கே தங்காமல், பேருந்தில் இரண்டரை மணி நேரம் மேற்கே ஓடி, கடலோரத்தில் இருக்கும் கோல்வே என்ற நகரத்தில் இறங்கியது. அதற்கு விமானத்தில் இருக்கை இருந்தது. பதினான்காம் வரிசையில் ஜன்னலுக்கு அடுத்த இருக்கை, ரகுநாதனின் பெயரில் முறைப்படி வாங்கியது. ஆகையால் அது யாரையும் ஏமாற்றி ஏறியது என்று சொல்ல முடியாது. ஜன்னலோரத்தில் அவருடைய மனைவி பத்மா இருந்தார்.

கோல்வேயைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பத்மா ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். துணி மடிக்கும் மேசைக்கு எதிர்ச்சுவரில் மருந்துக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் ஜூலை மாதத்துக்கு ஒரு படம். ஆறு கடலில் விழுகிற இடம், அதன் கரையில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்ன வீடுகள், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று கத்தரிப்பூ நிறம், முன்னால் தண்ணீரில் அன்னங்கள். வருடம் முடிந்து நாட்காட்டியைக் கழற்றியபோது பத்மா அந்தத் தாளை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டினார். பிறகு பதினாறு வருடம் அந்தச் சுவரில் ஜூலை மாறவில்லை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மற்ற இரண்டு முனைகளையும் பிடித்தவர் கொறற்றி என்ற பெண், யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் பிறந்தவர், வாய் ஓயாதவர். அவர் படத்துக்கு முதுகு காட்டி நிற்பார். பத்மாவின் முகத்தைப் பார்த்தே படத்தில் அன்றைக்கு வெயிலா மழையா என்று சொல்லிவிடுவார்.

ரகுநாதன் இத்தாலிய உணவகம் ஒன்றில் பீட்சா அடுப்பில் நின்றார். அதிகம் பேசாதவர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு, பத்மா மாலை வேலைக்குப் போகும் நாட்களில் மகள் மிதுசாவை நித்திரையாக்கும் பொறுப்பு அவருடையது. தாலாட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. வேலைக்குப் போக மனப்பாடம் செய்து வைத்திருந்த 302ஆம் இலக்க ட்ராமின் தரிப்பிடங்களை, ஹௌப்ட்பான்ஹோஃப், மூசிக்தியாட்டர் என்று வரிசையாக, பூர் றாத்ஹவுஸ் வரைக்கும் ஒரு ராகத்தில் இழுத்துப் பாடுவார். பிள்ளை பாதி வழியிலேயே உறங்கிவிடும். அதை வேறு யாரும் கேட்டதில்லை என்று அவர் நம்பினார். பத்மா ஒவ்வொரு கோடையிலும் கோல்வே என்பார், ரகுநாதன் அடுத்த வருடம் என்பார். இப்படிப் பதினாறு அடுத்த வருடங்கள் போயின.

பத்தொன்பதாம் ஆண்டு ஜனவரியில் பத்மாவின் ஈரலில் இருந்ததை டொக்டர் திரையில் காட்டினார். அவர் அந்த வருடத்துக் கோடையைப் பற்றிப் பேசினார். அடுத்த கோடையைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் ட்ராமில் வீடு திரும்பினார்கள். தரிப்பிடங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. டுசல்டோர்ஃபில் வேலை பார்க்கும் மிதுசா மறுவாரமே கணினியில் இருந்து இரண்டு பயணச்சீட்டு எடுத்தாள். மே மாதத்தில், ஒரு மருந்தேற்றலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைத்த ஐந்து நாள்.

"அப்பா, உங்களுக்கு விசா தேவையோ எண்டு பாத்தனீங்களோ?" என்று அவள் தொலைபேசியில் கேட்டாள்.

"என்ன விசா? லண்டனுக்குத்தான் விசா. அங்கை பவுண். அயர்லாந்திலை யூரோ. யூரோ ஓடுற இடமெல்லாம் எங்கட வதிவிடக் காட்டும் ஓடும்."

இந்த விதியை ரகுநாதன் தன் சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார். ஜேர்மனி கொடுத்த வதிவிட அட்டையுடன் அவர் பாரிஸில் மூன்று கல்யாணத்துக்கும், ஆம்ஸ்டர்டாமில் ஒரு செத்தவீட்டுக்கும், வெனிஸுக்கு ஒருமுறை சும்மாவும் போயிருக்கிறார். சுவிஸில் யூரோ இல்லாமலே அட்டை ஓடியது, அதை அவர் பொருட்படுத்தவில்லை. கெல்சென்கிர்ச்சன் தமிழர்களில் பாதிப்பேருக்கு இதே நம்பிக்கைதான். கேட்ட எல்லோரும் ஓம் என்றார்கள்.

ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. பத்மாவும் மிதுசாவும் பதினொரு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ரகுநாதனின் விண்ணப்பப் படிவத்தைப் பத்மா இரண்டு முறை நிரப்பி மேசையில் வைத்தார், இரண்டு முறையும் அது அலுமாரிக்குள் போனது. காரணம் ஒரு பிறந்த வருடம். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டில் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கே வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. வயது குறைந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஆள் அனுப்பும் ஏஜென்ட் சொன்னதால் பதினாறு என்று சொன்னார். ஐந்து வருடம் அன்று காணாமல் போனது. குடியுரிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் அறுபத்தேழு என்று இருக்கும், அட்டையில் எழுபத்திரண்டு என்று இருக்கும். ஓர் அலுவலகத்தில் போய் நின்று, நான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று சொல்ல அவரால் முப்பது வருடமாக முடியவில்லை. அவர் செய்த தவறு அவ்வளவுதான். அதன் நீளம்தான் கூடிவிட்டது.

விமானநிலையத்துக்குக் கொறற்றிதான் தன் காரில் கூட்டிப்போனார். பயணப்பெட்டி வாங்கும் மேசையில் இருந்த இளம்பெண் பத்மாவின் கடவுச்சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். ரகுநாதனின் இலங்கைக் கடவுச்சீட்டையும் அட்டையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். யாருக்கோ தொலைபேசி எடுத்தாள். பிறகு, அயர்லாந்து இந்த அட்டை செல்லும் நாடுகளில் சேரவில்லை, அதற்குத் தனி விசா வேண்டும், நான் மிகவும் வருந்துகிறேன் என்றாள். அவள் உண்மையாகவே வருந்தினாள், அதனால் அவளோடு சண்டை பிடிக்கக்கூட வழியில்லாமல் போனது. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருந்தது. மூவரும் ஒதுங்கி ஒரு கண்ணாடிச் சுவரோரம் நின்றார்கள்.

"நான் தனியப் போகமாட்டன். வாங்கோ, வீட்டை போவம்," என்றார் பத்மா.

மருந்தேற்றியதில் பத்மாவின் கை விரல்கள் கறுத்திருந்தன. அந்த விரல்களால் அவர் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், விடுவதற்கு மனமில்லாமல். அதை ரகுநாதன் பார்த்தார்.

"நீ போ. நான் பின்னாலை வாறன்."

"எப்பிடி வருவியள்?"

"வாறன் எண்டு சொல்லுறன். போ."

பத்மா அதை நம்பவில்லை. கொறற்றி நம்பவில்லை. சொன்னவரே நம்பவில்லை. அவருடைய நிழல் மட்டும் நம்பியது. பத்மா பாதுகாப்புச் சோதனையை நோக்கி நடக்க, காலைவெயில் கண்ணாடி வழியாக நீளமாக விழுந்திருந்தது. ரகுநாதன் திரும்பி நடந்தபோது அவருடைய நிழல் திரும்பவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் பத்மாவின் இடப்பக்கமாக, வழக்கம்போல் அரை அடி பின்தங்கி, அதுவும் நடந்து போனது.

கார் தரிப்பிடத்தில்தான் கொறற்றி கவனித்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "ரகு அண்ணை, உங்கட நிழல் எங்கை?"

ரகுநாதன் குனிந்து பார்த்தார். காரின் நிழல் இருந்தது. கொறற்றியின் நிழல் இருந்தது, கைப்பையோடு. தன் காலடியில் சீமெந்து வெறுமையாகக் கிடந்தது.

"அவவோடை போட்டுது போல."

"அதுக்கு விசா கேக்கேல்லையோ?"

"அதிட்டை ஆர் கேக்கிறது," என்றார் ரகுநாதன். கொறற்றிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே காரில் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். பிறகு இருவரும் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினார்கள்.

அன்று மாலை பத்மா கோல்வேயில் இருந்து தொலைபேசி எடுத்தார். சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்டார். பிறகு, "இஞ்சேருங்கோ, உங்கட நிழல் இஞ்சை வந்திட்டுது," என்றார். தங்கும் வீட்டுக்காரி அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் சுவரில் இரண்டு நிழலைக் கண்டு, ஒன்றும் கேட்காமல், போய் இன்னொரு துவாய் கொண்டுவந்து வைத்தாளாம். பத்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஜேர்மன் மொழியில் பேச, கோல்வேக்காரர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. அந்த ஊரில் யாரும் அவசரப்பட்டுப் பேச்சை முடிப்பதில்லை என்று பத்மா சொன்னார். பேருந்துச் சாரதிக்கு இறங்கும்போது எல்லோரும் நன்றி சொன்னார்கள், அதனால் தானும் சொன்னாராம், நிழலுக்கும் சேர்த்து.

மறுநாளில் இருந்து ரகுநாதனுக்குக் கோல்வே தெரியத் தொடங்கியது. நிழல் தரையில் கிடப்பது. ஆகவே அவருக்கு அந்த நகரத்தின் தரை மட்டும் தெரிந்தது. மேலே இருந்த நிறங்களோ முகங்களோ தெரியவில்லை. பீட்சா அடுப்பின் முன்னால் நிற்கும்போது முதுகில் சட்டென்று குளிர்ந்த சதுரக் கற்கள் அழுந்தும். அது கார்கள் நுழையாத கடைத்தெரு. ஆயிரம் சப்பாத்துக் கால்கள் மேலே நடக்கும், ஒன்றும் நோகாது. தெருமுனையில் ஒரு பெண் மரப்பலகை போட்டு அதன்மேல் குதிக்காலால் தட்டி ஆடினாள். பத்மா நின்று பார்த்தபோது நிழல் அந்தப் பலகையின் மேல் விழுந்தது, கெல்சென்கிர்ச்சனில் ரகுநாதன் இரண்டு நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆடி முடிக்கப்போகிறார்கள் என்றார் ரகுநாதன். கோல்வேயில் ஒரு நாளில் பத்துத் தரம் மழை பெய்து பத்துத் தரம் வெயில் எறிக்கும். வெயில் போனால் நிழல் இல்லை, ரகுநாதனுக்கு எதுவும் தெரியாது. அந்த இடைவெளிகளில் அவர் மாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருப்பார். அந்த நாட்களில் பல பீட்சாக்கள் கருகின.

வெள்ளிக்கிழமை பத்மா படத்தில் இருந்த வீடுகளின் எதிரே போய் நின்றார். ரகுநாதனின் கன்னத்தில் ஆற்றங்கரைப் புல்லின் ஈரம் பட்டது. ஓர் அன்னத்தின் நிழல் அவரை மெல்லக் கடந்து போனது. பத்மா அங்கே ஒரு மணி நேரம் நின்றார். அன்று மாலை தொலைபேசியில், "வீடுகள் படத்திலை இருக்கிறதை விடச் சின்னன்," என்றார். தொலைபேசியில் காற்று இரைந்தது. கடைத்தெருவில் இரண்டு கை ஓர் இதயத்தை ஏந்தியிருக்கிற மோதிரம் விற்கிறார்களாம், அந்த ஊர்ச் சோடிகள் எல்லாம் போடுவார்களாம். "வாங்கினியோ?" என்று ரகுநாதன் கேட்டார். "தாலி கிடக்குது, பிறகேன் மோதிரம்," என்றார் பத்மா.

சனிக்கிழமை அந்த நகரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரைச் சாலையில் பத்மா ஒன்றரை மைல் நடந்தார். அதன் முடிவில் ஒரு மதில் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் அந்த மதிலைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏன் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனால் உதைக்காமல் திரும்பினவர்களும் இல்லை. பத்மா உதைத்தார். பக்கத்தில் நிழலும் உதைத்தது. ரகுநாதன் அப்போது கடையில் நிலக்கீழ் அறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார், வலது காலின் பெருவிரல் சுரீரென்று நொந்து தக்காளிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அப்போது அங்கே நேரம் நான்கு மணி, இங்கே ஐந்து.

ஞாயிறு பிற்பகல் பத்மா ஒரு மதுக்கடைக்குள் தேநீர் குடிக்கப் போனார். மூலையில் ஐந்தாறு பேர் வட்டமாக இருந்து பிடிலும் புல்லாங்குழலும் ஆட்டுத்தோல் பறையும் வாசித்தார்கள். யாருடைய கச்சேரியும் இல்லை, வந்தவர் வந்தபடி சேர்ந்துகொள்வது. அந்த ஊர் வழக்கப்படி, வாசிப்பவர்கள் பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் அவரிடமும் ஒரு பாட்டுக் கேட்பார்கள். மறுப்பது மரியாதை இல்லை. ஜன்னலால் வெயில் விழுந்து ரகுநாதனின் நிழல் மரத்தரையில் கிடந்தது. அவருடைய முதுகின்மேல் ஒரு அறை நிறையக் கால்கள் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாக் கால்களும் நின்றன. ஒன்றும் அசையவில்லை. இரண்டு மூன்று நிமிடம் அந்தத் தரை முழுவதும் மூச்சை அடக்கியது. பத்மா பாடுகிறார் என்று ரகுநாதனுக்குத் தெரிந்தது. முப்பது வருடத்தில் அவர் நாலு பேர் முன்னால் பாடி ரகுநாதன் கேட்டதில்லை. நிழலுக்குக் காது இல்லை. ரகுநாதன் சூடான அடுப்பின் முன்னால் நின்று, தன் மனைவியின் பாட்டு நிகழ்ந்து முடியும் வரைக்கும் அந்த நின்றுபோன கால்களை மட்டும் கேட்டார். பிறகு கால்கள் மறுபடியும் தட்டத் தொடங்கின.

"என்ன பாட்டுப் பாடினாய்?" என்று மாலையில் கேட்டார்.

"அங்கை வந்து சொல்லுறன்."

திங்கட்கிழமை கொறற்றியும் ரகுநாதனும் விமானநிலையத்துக்குப் போனார்கள். பத்மா மெலிந்து, கன்னத்தில் காற்று அடித்த சிவப்போடு வந்தார். தரிப்பிடத்தில் நல்ல வெயில். கொறற்றிக்கு நிழல் இருந்தது, பெட்டிக்கு நிழல் இருந்தது, மற்ற இருவருக்கும் இல்லை.

"ஐயோ கடவுளே, அக்கா. நீங்களும் விட்டிட்டு வந்திட்டியளோ?"

"இவற்றை நிழல் வரமாட்டன் எண்டு நிண்டுது. முப்பது வருசத்திலை முதல் தரம் ஒரு இடத்திலை சந்தோசமா நிக்குது. தனிய விட்டிட்டு வர மனம் வரேல்லை. என்ரையையும் துணைக்கு விட்டிட்டு வந்தனான்."

கொறற்றி பெட்டியைக் காரில் ஏற்றினார்.

பாட்டு எதுவென்று பத்மா சொல்லவில்லை. ஜூனில் ரகுநாதன் கேட்டபோது சிரித்தார். ஜூலையில், ஹம் நகர அம்மன் கோயில் தேருக்குப் போய் வந்த களைப்பில் பத்மா படுத்திருந்தபோது கேட்டார். ஓகஸ்டில் மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் இருந்து கேட்டார். "அங்கை போய்க் கேளுங்கோ," என்றார் பத்மா. "அந்த ஆக்களுக்குத் தெரியும். அப்பவாவது அந்த அன்ராக் படிவத்தை நிரப்புவியள்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று ரகுநாதனுக்கு விளங்கியது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் மிதுசா, இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்தபடி நாட்கணக்காக இருந்தார்கள். தாதி விளக்கைப் போடும்போது சுவரில் மிதுசாவின் நிழல் மட்டும் விழும். தாதி ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டிலைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

செப்டெம்பர் நான்காம் திகதி, புதன்கிழமை, பத்மா இறந்தார். ஆறாம் நாள் தகனம். சடங்குகள் முடிந்து, பெட்டி உள்ளே போய், கதவு மூடிக்கொண்டபோது ஐந்து மணி. ரகுநாதனின் வலது கால் பெருவிரல் நொந்தது. அவர் கொறற்றியின் தோளைப் பிடித்துக்கொண்டார். தன் பக்கத்தில், தரையோடு தரையாக, இன்னொரு நிழலின் குளிர்ந்த விளிம்பு உரசுவதையும் உணர்ந்தார். அங்கே வெயில். இரண்டும் மதில் வரைக்கும் நடந்து போய் உதைத்திருக்கின்றன. எவரும் அவற்றுக்குச் செய்தி சொல்லியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ரகுநாதன் அலுமாரியைத் திறந்தார். படிவம் முழுவதும் பத்மாவின் கையெழுத்து இருந்தது, பிறந்த வருடத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக. அவர் அலுவலகத்துக்கு மிதுசாவைக் கூட்டிப்போனார், ஆனால் அவளைப் பேச விடவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு நான் பொய் சொன்னேன் என்று ஜேர்மன் மொழியில் தானே சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதனால் உங்களுக்கு ஏதாவது இலாபம் கிடைத்ததா என்று கேட்டாள். ரகுநாதன் வெகுநேரம் யோசித்துவிட்டு இல்லை என்றார். அவள் இல்லை என்று எழுதிக்கொண்டாள். அந்த அறையில் நடந்தது இவ்வளவுதான், பதினொரு நிமிடம். அவர் வெளியே வந்து படிக்கட்டில் இருந்தார். மிதுசா பக்கத்தில் இருந்தாள். "இதுக்காகவோ அப்பா?" என்று அவள் கேட்டாள். அவள் கோபத்தில் கேட்கவில்லை, அதனால் அவருக்கு அது இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு தொற்றுநோய் வந்தது. அலுவலகங்கள் பூட்டின. யாழ்ப்பாணத்தில் இருந்து சான்றிதழ் வந்தது, அதில் அவருடைய அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்ததால் திரும்பிப் போனது, மறுபடி வந்தது. நீதிமன்றத்தில் இருந்து கடிதம் வந்தது. ஐந்து வருடம் எடுத்தது. காணாமல் போன ஐந்து வருடத்தைத் தேடிப் பிடிக்கச் சரியாக ஐந்து வருடம் என்று கொறற்றி சொன்னார். புதிய ஜேர்மன் கடவுச்சீட்டில் பிறந்த வருடம் அறுபத்தேழு என்று எழுதினார்கள். ஓய்வூதியத்துக்கு மட்டும் சட்டப்படி முதலில் சொன்ன வருடம்தான் செல்லும் என்றார்கள், அதாவது அவர் எல்லோரையும்விட ஐந்து வருடம் கூடுதலாக அடுப்பில் நிற்க வேண்டும். அவர் ஓம் என்றார். கடவுச்சீட்டுப் படத்தில் முகத்திலோ பின்சுவரிலோ நிழல் விழக்கூடாது என்பது விதி. படக்காரன் மற்றவர்களுக்கு நாலைந்து தரம் விளக்கைத் திருப்ப வேண்டியிருந்தது. ரகுநாதனுக்கு முதல் தரத்திலேயே சரியாக வந்தது. இவ்வளவு சுத்தமான படம் தான் எடுத்ததில்லை என்றான்.

அந்த ஐந்து வருடமும் வெயில் நாட்களில் விரல் நொந்தது. ரகுநாதனின் தொலைபேசியில் கோல்வேயின் வானிலை மட்டும் இருந்தது. கெல்சென்கிர்ச்சனில் மழை பெய்தால் நனைந்துதான் வேலைக்குப் போவார். கொறற்றி புதன்கிழமைகளில் குழம்பு கொண்டுவந்து வைப்பார். "அண்ணை, இஞ்சத்தே வானத்தையும் ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கோ," என்று ஏசுவார். சலவைப் பகுதியில் அவருக்கு இப்போது புது ஆள் எதிரே நிற்கிறாள். படத்தை யாரும் கழற்றவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மே மாதத்தில் ரகுநாதன் கோல்வேக்குப் போனார். மிதுசா தானும் வருவதாகச் சொன்னாள், அவர் வேண்டாம் என்றார். விமானநிலையத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. பேருந்து இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொன்னார். பத்மா தங்கிய வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார். வீட்டுக்காரி அவரைப் பார்த்தாள், அவருடைய காலடியைப் பார்த்தாள், "ஓ, நீங்கள்தானா," என்றாள். மாடியறையைத் திறந்துவிட்டாள். மேசையில் இரண்டு கோப்பை வைத்தாள். கடைத்தெருவில் நடந்தபோது அவர் தலை நிமிர்த்தவில்லை. கல்லுக்குக் கல் எல்லாம் தெரிந்த இடமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால்தான் புதிய ஊர். ஆற்றங்கரையில் வீடுகள் நின்றன, மஞ்சள், நீலம், கத்தரிப்பூ நிறம். படத்தில் இருந்ததைவிடச் சின்னவை.

பிற்பகலில் அந்த மதுக்கடைக்குள் போனார். ஆறு பேர் மூலையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரகுநாதன் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல். கடைசியில் அவர்களே, அந்த ஊர் வழக்கப்படி, உங்களிடம் ஒரு பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். பாடத் தெரியாது என்றார் யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தில். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பெண் இங்கே தேநீர் குடித்தாள், ஜேர்மனியில் இருந்து வந்தவள், கறுத்த விரல்கள், ஒரு பாட்டுப் பாடினாள், அது என்ன பாட்டு என்று தெரிய வேண்டும், நான் அவளுடைய கணவன் என்றார். பெரிய காதுள்ள ஒரு கிழவர் பிடிலைக் கழுத்தில் வைத்தார். அந்த ஊர் வாத்தியக்காரர்களுக்கு நல்ல மெட்டு ஒன்று கேட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. யாரிடம் இருந்து கிடைத்ததோ அவர் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். விரிப்பு மடிக்கிற பெண், என்று கிழவர் மெட்டின் பெயரைச் சொன்னார். தன் வேலை என்னவென்று அவள் கையால் மடித்துக் காட்டினாளாம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வில் இறங்கியது.

ஹௌப்ட்பான்ஹோஃபில் தொடங்கி, மூசிக்தியாட்டரில் மெல்ல வளைந்து, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று, பூர் றாத்ஹவுஸ் வரைக்கும் அது போனது. பாதி வழியில் பிள்ளை உறங்கிவிடும் என்பதால் ரகுநாதன் பின்பாதியைத் தாழ்ந்த குரலில் இழுப்பார். அந்தத் தாழ்வும் அதில் இருந்தது. அவர் அதைப் பாடிய நாட்களில் பத்மா எப்படியோ கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார், வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல். எத்தனை நாள் என்று இனித் தெரியாது. சுற்றிலும் எல்லாக் கால்களும் நின்றிருந்தன. ரகுநாதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். கிழவர் அவர் முடிக்கும் வரைக்கும் அந்த மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

மறுநாள் வெயில். மூன்றரை மணிக்கு அவர் கடற்கரைச் சாலையின் முடிவில், மதிலுக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தார். நான்கு மணிக்குச் சற்று முன்பு இரண்டு நிழல்கள் சாலையோரமாக வந்தன. ஒன்று சற்றுப் பருத்தது, முடி நிறைய இருந்தது, நோய்க்கு முந்திய பத்மாவின் அளவு. மற்றது அரை அடி பின்னால். நாயோடு வந்த ஒருவர் அவற்றுக்கு வழி விட்டார். சைக்கிள்காரப் பெண் ஒருத்தி மணி அடித்து விலகினாள். இரண்டும் மதிலை உதைத்தன. ரகுநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

திரும்பும்போது அவருடைய நிழல் அவரைக் கண்டது. ஓடி வந்து காலடியில் ஒட்டிக்கொண்டது, பழக்கம் அப்படி. ஆறு வருடத்துக்குப் பிறகு தன் உடம்பின் முழுப் பாரத்தையும் ரகுநாதன் உணர்ந்தார். கை அசைத்தால் அதுவும் அசைந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம், தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. இப்போது இருவருக்கும் சேர்த்து ஒரு கடவுச்சீட்டு இருந்தது. பத்மாவின் நிழல் பத்தடி தள்ளி நின்றது. வரவும் இல்லை, போகவும் இல்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பதுபோல ஒரு கையை மடக்கி வைத்திருந்தது. மேற்கே கடலில் இருந்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது.

"நீ போ," என்றார் ரகுநாதன் தன் காலடியைப் பார்த்து. "இந்த முறையும் நான் பின்னாலை வாறன்."

அது போகவில்லை. அவர் வாங்கில் பின்னுக்குச் சாய்ந்து, ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைப்போல் இரண்டு கால்களையும் தரையில் இருந்து தூக்கினார். கடவுச்சீட்டில் உள்ளபடி அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒட்டியிருக்க இடமில்லாமல் நிழல் சிறிது நேரம் தயங்கியது. பிறகு பிரிந்து, பத்மாவின் நிழலோடு சேர்ந்து, நகரத்தை நோக்கி நடந்தது. மேகம் வந்து மூடும் வரைக்கும் அவர் காலைக் கீழே வைக்கவில்லை.

ரகுநாதன் இப்போதும் அதே அடுப்பில்தான் நிற்கிறார். ஓய்வுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. ஒரு புதன்கிழமை கொறற்றி குழம்புச் சட்டியோடு கடைக்கே வந்திருந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். ரகுநாதன் மாவைத் தட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தி, வலது காலை மெல்லத் தூக்கினார். சுவர்க் கடிகாரத்தில் நேரம் ஐந்து.

"என்னண்ணை?"

"வெயில்," என்றார் ரகுநாதன்.

கொறற்றி ஜன்னலைப் பார்த்தார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. "ஓம்," என்றார். பிறகு ரகுநாதன் காலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பீட்சாவை அடுப்புக்குள் தள்ளினார்.